சீட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கம்

ஜனவரி 12, திங்கள்

உறை பழுப்பு நிறம். பிரித்தானியாவில் அரசு உதவிப் பணம் வாங்கும் வீடுகளில் பழுப்பு உறையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். ஈஸ்ட்ஹாமில் இருக்கும் அக்கா அதைப் பொங்கல் சாமான் பையோடு மேசையில் வைத்துவிட்டு இரவுதான் பிரித்தார். (அவர் பெயர் வேண்டாம். இதே வழியில் நடந்த பலரைச் சேர்த்து எழுதிய ஒருவர்தான் இந்த அக்கா.) கடிதத்தில் அவருக்குப் புரிந்தது 'இன்டர்வியூ' என்ற சொல் மட்டும். "நான் ஒரு வேலைக்கும் எழுதிப் போடேல்லையே" என்றார் மகளிடம்.

மகள் முழுவதும் வாசித்தாள். வேலைக்கான இன்டர்வியூ இல்லை. 'இன்டர்வியூ அண்டர் கோஷன்', அதாவது எச்சரிக்கை கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கும் விசாரணை. 29ஆம் திகதி காலை 10.30. காரணம் ஒரே வரியில் இருந்தது: கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கிய காலத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தது.

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த கணவரைப் பார்ப்பதற்காக அக்கா வாங்கும் காசு அது. வாரம் குறைந்தது 35 மணி நேரம் ஒருவரைப் பராமரிப்பவருக்குக் கிடைக்கும். வேலைக்கும் போகலாம். ஆனால் வாரச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது.

ஜனவரி 13, செவ்வாய்

காலையிலிருந்து தொலைபேசியில் மூன்று ஆலோசனைகள். "போகாதேங்கோ." "போய் அழுங்கோ, விட்டிடுவினம்." "எல்லாத்துக்கும் ஞாபகமில்லை எண்டு சொல்லுங்கோ." மூன்றும் தமிழர்கள் அன்போடு சொன்னவை. மூன்றுமே ஆபத்தானவை.

மகள் வேலையிடத்து இடைவேளையில் வாசித்துத் தெரிந்துகொண்டது வேறு. சும்மா விவரம் கேட்கக் கூப்பிடும் 'கம்ப்ளயன்ஸ் இன்டர்வியூ' என்று ஒன்று உண்டு, இது அதுவல்ல. 1984ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தின் விதிகளின்படி நடப்பது இது. பேச்சு பதிவாகும், நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் இது கைது இல்லை. இடையில் எழுந்து வந்துவிடலாம், வழக்கறிஞரோடு போகலாம், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். போகாமல் இருப்பது குற்றமாகாது. போகாவிட்டால் உதவிப் பணம் கொடுக்கும் அரசுத் துறை தன் கையில் இருக்கும் காகிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கும்.

1992ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தையும் அவள் பார்த்தாள். தெரிந்தே தவறான தகவல் கொடுத்தால் மூன்று மாதம் வரை சிறை. நேர்மையற்ற நோக்கமும் இருந்தது என்று நிரூபித்தால் 111ஏ பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை. ஏழு ஆண்டு என்பதை மகள் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். பால் பொங்கியது. கடிதத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஜனவரி 17, சனி

சம்பளச் சீட்டுகள் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் இருந்தன. முதியோர் பராமரிப்பு இல்லத்தின் சமையலறையில் அக்காவுக்கு வேலை. சேர்ந்தபோது வாரம் 13 மணி நேரம். 2023 ஏப்ரலில் மேலாளர், "இன்னும் ஒரு மணித்தியாலம் நிற்க ஏலுமோ?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலின் விலையை மகள் கணக்குப் போட்டாள். 2023 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 10.42 பவுண். 13 மணிக்கு 135.46 பவுண், 14 மணிக்கு 145.88. அந்த வருட வரம்பு 139. அடுத்த வருடம் மணிக்கு 11.44, 14 மணிக்கு 160.16. வரம்பு 151. இரண்டு வருடத்திலும் அக்கா வரம்புக்கு மேல் உழைத்தது எல்லாம் சேர்த்து 834 பவுண்.

திருப்பிக் கேட்கக்கூடியது 8,249 பவுண் 80 பென்ஸ்.

அச்சுப் பிழை இல்லை. வரம்பை ஒரு பென்ஸ் தாண்டினாலும் அந்த வாரத்து அலவன்ஸ் முழுவதும் போய்விடும். தாண்டிய பணத்தை மட்டும் கழித்துக்கொள்ளும் ஏற்பாடே இல்லை. 2023-24இல் வாரம் 76.75, அடுத்த வருடம் 81.90. இரண்டையும் 52ஆல் பெருக்கினால் அந்தத் தொகை வரும். ஒரு மணி நேரம் கூட வேலை செய்து வாரம் பத்துப் பவுண் சம்பாதித்ததற்கு எழுபத்தைந்துக்கு மேல் இழப்பு. சிறு கடை வைத்திருப்பவர்கூட இப்படி ஒரு கணக்கு எழுதமாட்டார்.

அக்கா ஒருவருக்கு மட்டும் வந்த விதியும் அல்ல. 2024இல் 'கார்டியன்' நாளிதழ் இதைத் தொடர்ந்து எழுதியபோது, 1,34,000-க்கும் மேற்பட்ட பராமரிப்பாளர்கள் 25 கோடி பவுணுக்கும் மேல் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. சம்பளம் வரம்பைத் தாண்டியதை வரித்துறைத் தகவல் துறைக்கு உடனுக்குடன் காட்டியிருக்கிறது. எல்லா அறிவிப்புகளையும் துறை பார்க்கவில்லை. கடன் சத்தமில்லாமல் வளர்ந்தது. 2025 ஏப்ரலில் வரம்பு 196 பவுணாக உயர்ந்து, 16 மணி நேரக் குறைந்தபட்சச் சம்பளத்தோடு கட்டப்பட்டது. அக்கா இன்றும் அதே 14 மணிதான் வேலை செய்கிறார். இப்போது அது தவறில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

வழக்கறிஞர் அலுவலகம். பொலிஸ் நிலையத்தில் சட்ட ஆலோசனை யாருக்கும் இலவசம். இந்த மாதிரி விசாரணைக்கு வருமானத்தைப் பார்த்துத்தான் சட்ட உதவி. அக்காவின் வருமானத்தைப் பார்த்தவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

இளம் பெண் வழக்கறிஞர். நடந்ததைச் சொல்லச் சொல்லாமல் திகதிகளைக் கேட்டார். எப்போது 14 மணி ஆனது, யாரிடம் சொன்னீர்கள், எப்படிச் சொன்னீர்கள்? துறையிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கப்போவதாகச் சொன்னார். உள்ளே போய் என்ன செய்வது என்பது அந்தப் பதில் வந்த பிறகுதான்: எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லலாம், எழுதிய வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டு மற்றதற்குப் பேசாமல் இருக்கலாம்.

பிறகு போகிறபோக்கில் ஒரு கேள்வி. "நீங்கள் வேலைக்குப் போகிற நேரம் கணவரோடு யார் இருப்பார்?"

"பக்கத்து வீட்டு அக்கா."

"சும்மாவா?"

அக்கா மகளைப் பார்த்தார். வெளியில் சொல்ல வெட்கம். "கிழமைக்கு முப்பது பவுண் குடுக்கிறனான். அவ கேக்கிறேல்லை. நான்தான் குடுக்கிறது."

வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். வேலை நேரத்தில் நோயாளியைப் பார்க்க, நெருங்கிய உறவினரல்லாத ஒருவருக்குக் கொடுக்கும் பணத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம், நிகரச் சம்பளத்தின் பாதி வரை. 145.88இல் 30 போனால் 115.88. 160.16இல் 30 போனால் 130.16. இரண்டு வருடமும் வரம்புக்குள். "எழுத்தில் இருக்கிறதா?"

இருக்கிறது. அக்கா பிடிக்கும் சீட்டுக்கு ஒரு கொப்பி உண்டு. அதன் கடைசிப் பக்கங்களில், யாருக்கு எந்த மாதச் சீட்டு விழுந்தது என்பதற்குப் பின்னால், கிழமைக் கிழமை '30 அக்கா' என்று நீல மையில். சில இடங்களில் தேநீர்க் கறை. துறை இதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று வழக்கறிஞர் வாக்குக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழுதித் தர வேண்டும் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். ஏறி இறங்கும் சம்பளத்தைச் சராசரி பார்ப்பதில் துறையின் வழிகாட்டல் ஆண்டுக்கணக்காகப் பிழையாக இருந்தது என்று, லிஸ் சேய்ஸ் தலைமையிலான ஆய்வு 2025 நவம்பரில் சொல்லிவிட்டது. பழைய வழக்குகளை மீண்டும் பார்ப்பதாக அரசும் ஒத்துக்கொண்டது. அக்காவின் சம்பளம் ஏறி இறங்காதது, அதனால் அந்தக் கதவு அவருக்கில்லை. ஆனால் துறையின் கணக்கு வேதவாக்கு இல்லை என்று தெரிந்தது நல்லதுதான்.

ஜனவரி 25, ஞாயிறு

ஒத்திகை. மகள் அதிகாரி.

"2023 ஏப்ரலில் உங்கள் வேலை நேரம் கூடியது."

"ஓம்."

"அது வரம்பைத் தாண்டும் என்று உங்களுக்குத் தெரியும்."

"ஓம்…"

மகள் நிறுத்தினாள். "அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"பிறகேன் ஓம் எண்டனீங்கள்?"

"நீ சொல்லுறது கேக்குது எண்டுதான்."

இந்த ஒரு சொல்லுக்காகவே தமிழர்கள் தனியாக ஒத்திகை பார்க்க வேண்டும். நாம் மரியாதைக்குச் சொல்லும் 'ஓம்', 'சரி', 'ம்' எல்லாம் ஒலிப்பதிவில் ஒப்புதலாகிவிடும். நேர்மையின்மைக்கும் அறியாமைக்கும் இடையே சட்டம் வைத்திருக்கும் தூரம் அந்த ஒரு சொல்லில் மறைந்துபோகலாம். மகள் ஒரு விதி போட்டாள்: கேள்வி முடியும்வரை வாய் திறக்கக்கூடாது, விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்ல வேண்டும். பத்துக் கேள்வியில் நாலில் அக்கா தோற்றார்.

மொழிபெயர்க்க மகளே வருவதாக முதலில் யோசனை. வழக்கறிஞர் மறுத்துவிட்டார். தாய்க்காகக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வாள் என்ற சந்தேகத்துக்கே இடம் வேண்டாமாம். இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று எழுதிக் கேட்டாயிற்று.

தொடக்கத்தில் வாசிக்கப்படும் எச்சரிக்கையையும் மகள் தமிழில் சொல்லிப் பார்த்தாள். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்வது சாட்சியமாகலாம். இவை இரண்டும் அக்காவுக்கு விளங்கின. நடுவில் இருப்பதுதான் சிக்கியது: இப்போது கேட்கும்போது சொல்லாத ஒன்றை நாளைக்கு நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டினால் அது உங்களுக்குப் பாதகமாகலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வரி.

"அப்ப கொப்பிக் கதையை அண்டைக்கே சொல்லோணும்."

"ஓம்" என்றாள் மகள்.

அங்கேயே ஒரு தாளை நீட்டி, அபராதம் கட்டினால் வழக்கு இல்லை என்று சொல்லக்கூடும் என்பதையும் பேசிக்கொண்டார்கள். குறைந்தது 350 பவுண் அல்லது கூடுதலாக வாங்கியதில் பாதி, உச்சம் 5,000. கூடுதலாக வாங்கியதாகச் சொல்லும் தொகையை அதற்கு மேல் தனியாகக் கட்ட வேண்டும். ஒத்துக்கொண்ட பின்னும் 14 நாளுக்குள் மனம் மாற்றலாம். அன்றைக்கே எதிலும் கையெழுத்து வைப்பதில்லை என்று முடிவு. பணத்தைத் திருப்பிக் கட்டு என்ற தீர்மானம் தனியாக வந்தால், ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்டு, பிறகு தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஜனவரி 29, வியாழன்

கோப்பில் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு, கடிதம். கொப்பியின் பக்கங்களுக்கு நகல் எடுத்தாயிற்று, மூலமும் பையில். கணவருக்குக் காலைக் குளிசை கொடுத்து, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்த எட்டரை ஆனது.

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அந்தக் கிழமைக்கான முப்பது பவுணைக் கொடுத்துவிட்டு, கொப்பியை நீட்டி முதல் தடவையாக ஒரு கையெழுத்து வாங்கினார் அக்கா. பஸ் 9.40க்கு.