பதில் சொல்லாத ஏஜெண்டும் நர்சின் நோட்டும்

இரவு டியூட்டியில் ஒரு நோயாளிக்குப் பிரஷர் இறங்குகிறது. டியூட்டி டாக்டர் போனை எடுக்கவில்லை. எந்த நர்சும் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. நேரத்தைக் குறிப்பாள், திரும்பக் கூப்பிடுவாள், அப்போதும் எடுக்காவிட்டால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடுவாள். எத்தனை மணிக்கு யாரை அழைத்தோம், என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் நோட்டில் ஏறிவிடும். எழுதாதது நடக்காதது என்று முதல் வருஷத்திலேயே நமக்குச் சொல்லித் தந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு பழகிய பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் பேப்பர் கொடுத்த பிறகு மாறிப்போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் எங்கள் திருப்புறம், பூவார், பாறசாலைப் பக்கம் நர்ஸ் இல்லாத தெரு குறைவு. சவுதியில் வேலை பார்த்துத் திரும்பியவள் என்பதால் என்னிடம் வருவார்கள். "சேச்சி, அவரு போனே எடுக்க மாட்டேங்காரு. ரொம்பக் கூப்பிட்டா கோபப்பட்டு நம்ம பேரை வெட்டிருவாரோ?" என்று கேட்பார்கள். கடைசியாக எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்று நான் கேட்டால் பதில் இருக்காது. டாக்டரை நடுராத்திரியில் எழுப்பத் தயங்காதவள், ஏஜெண்டை மதியம் கூப்பிட அஞ்சுகிறாள்.

அமெரிக்காவில் டிராவல் நர்ஸ் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம். அங்கே ஒரு ரெக்ரூட்டர் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவரிடம் போய்விடலாம். நம் பிள்ளைகளால் அப்படிப் போக முடிவதில்லை. பாஸ்போர்ட்டும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் ஏஜெண்டின் மேசை டிராயரில் கிடக்கின்றன. பயத்தின் வேர் அங்கேதான். இந்தியப் பாஸ்போர்ட் சட்டப்படி இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைக்க ஏஜெண்டுக்கு உரிமை கிடையாது. சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். விசா ஸ்டாம்பிங்குக்குப் பாஸ்போர்ட் கொடுக்க நேர்ந்தால் தேதி போட்ட ரசீது வாங்க வேண்டும்.

எல்லா மௌனமும் ஏமாற்று இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நர்சிங் கவுன்சிலிலிருந்து குட் ஸ்டாண்டிங் சான்று போகாமல் இருக்கலாம். சான்றிதழ்களைச் சோதிக்கும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பில், பழைய மருத்துவமனை அனுபவச் சான்றை உறுதிசெய்யாமல் வைத்திருக்கலாம். அங்குள்ள மருத்துவமனையே ஆள் எடுப்பதைத் தள்ளிப் போட்டிருக்கலாம். ஆகவே முதலில் நம் பக்கம் ஏதாவது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு எழுத வேண்டும். கூப்பிடுவது இரண்டாவதுதான், போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

எழுதுவதற்கு, நோயாளியின் நிலையைச் சொல்ல வார்டில் கற்ற எஸ்பார் முறையே போதும். நான் யார், எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் விண்ணப்பித்தேன். இதுவரை என்ன நடந்தது. இப்போது எது நிற்கிறது என்று நினைக்கிறேன். எந்தத் தேதிக்குள் என்ன பதில் வேண்டும். நாலைந்து வரி, இமெயிலில். கெஞ்சலும் கோபமும் வேண்டாம். "சார் ப்ளீஸ், எப்படியாவது" என்று முடியும் செய்தியைப் பார்த்தால் நான் அழித்து மறுபடி எழுதச் சொல்வேன். ஹேண்டோவர் கொடுக்கும்போது நாம் யாரிடமும் கெஞ்சுவதில்லையே.

குறித்த தேதி தாண்டியும் பதில் இல்லையென்றால் மேலே போக வேண்டும். அந்த ஏஜெண்டுக்கு லைசென்ஸ் உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். பலரும் லைசென்ஸ் உள்ளவரின் பெயரைச் சொல்லி ஆள் பிடிக்கும் சப்-ஏஜெண்டுகள்; சொல்ல அவர்களிடம் பதிலே இருக்காது. வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு நர்சுகளை எடுக்கக் கேரளத்தின் நார்க்கா ரூட்ஸ், ஒடெபெக், தமிழ்நாட்டின் ஓஎம்சிஎல் போன்ற அரசு நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டும் என்று 2015 ஏப்ரல் 30 முதல் மத்திய அரசு விதி வைத்தது. விதி வந்த காரணத்தை இந்தப் பக்கத்தவர்கள் மறக்கக்கூடாது. அதே ஆண்டு குவைத் சுகாதார அமைச்சகத்துக்கு ஆள் எடுத்த கொச்சி ஏஜென்சி ஒன்றின் மேல் சிபிஐ வழக்குப் பதிந்தது. வாங்க அனுமதி இருந்தது 19,500 ரூபாய்க்குத்தான். ஒவ்வொரு நர்சிடமும் 19.5 லட்சம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. இன்று லைசென்ஸ் உள்ள ஏஜெண்டு வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். ஜெர்மனிக்கு நார்க்கா 2021 டிசம்பரில் கையெழுத்திட்ட ட்ரிபிள் வின் திட்டத்தில் ஆள்சேர்ப்புக் கட்டணமே கிடையாது. இது தெரியாமல் பணம் கட்டியவர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

பணத்தைவிடவும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. "விசா இப்ப வரும்" என்று நம்பி, இருக்கும் வேலையை விட்டுவிடுகிறார்கள். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் பொதுவாக 2 வருஷத்துக்குத்தான் செல்லும். பணியில் விழுந்த இடைவெளியை வெளிநாட்டு மருத்துவமனைகள் முதலில் கேட்கும். ஏஜெண்டு பேசாத ஒவ்வொரு மாதமும் நம் பதிவில் வெற்றிடமாக விழுகிறது. அவருக்கு எதுவும் குறைவதில்லை.

மக்களே, ஒப்பந்தமும் விசாவும் கைக்கு வந்து, நீங்களே படித்துப் பார்க்கும்வரை ராஜினாமா எழுதாதீர்கள். புகார் சொல்லத் திருவனந்தபுரத்திலேயே புரொடெக்டர் ஆஃப் எமிகிரண்ட்ஸ் அலுவலகம் இருக்கிறது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்குச் சென்னையில். உங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட் யார் மேசையிலாவது கிடந்தால், நாளைக்கே வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கி வந்துவிடுங்கள்.