இளைக்காமல் இறுக

அம்பத்தூரில் ஜிம் நடத்துகிறவன் காதில் அடிக்கடி விழும் கோரிக்கை இது: "மாஸ்டர், உடம்பு நல்லா டைட் ஆகணும். ஆனா ரொம்ப இளைச்சுடக் கூடாது." கேட்கிறவர்கள் பெரும்பாலும் குண்டானவர்கள் அல்ல. எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டும் பையன், ஆவடியிலிருந்து ரயிலேறி வேலைக்குப் போகும் பெண், பூந்தமல்லிப் பக்கம் கடை வைத்திருப்பவர். கை கால் மெல்லிசு, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். பட்டினி கிடந்து நாலு கிலோ குறைத்தால் வயிற்றுக்கு முன்னால் கன்னம் ஒட்டிவிடும். அப்புறம் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன, சுகர் வந்துடுச்சா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த உடல்வாகு நம் ஊரில் சகஜம். 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். உயரத்துக்கு ஏற்ற எடைதான் இருவருக்கும். அந்த எடை எதனால் ஆனது என்பதில்தான் வித்தியாசம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் யாஜ்னிக் கட்சி. இவர்களுக்கு எடை குறைய வேண்டியதில்லை. கொழுப்பு இருக்கும் இடத்தில் கொஞ்சம் தசை வந்தால் போதும்.

சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு ட்ரெட்மில்லில் ஒரு மணி நேரம் ஓடினால் இது நடக்காது. உடம்பு கணக்கான மளிகைக் கடைக்காரர் மாதிரி, விலை போகாத சரக்கை அலமாரியில் வைத்திருக்காது. வேலை கொடுக்காத தசையையும் கொழுப்போடு சேர்த்தே கரைத்துவிடும். முதல் வாரத்தில் சட்டென்று குறையும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைக்கோஜன் தீர்ந்தால் நீரும் போகும். இரண்டு நாள் வயிறாரச் சோறு சாப்பிட்டால் திரும்பி வரும்.

அதனால் நான் முதலில் கையில் கொடுப்பது டம்பெல். அதை மார்போடு பிடித்துக்கொண்டு பஸ்கி எடுக்கச் சொல்லிவிட்டு, முட்டியையும் குதிகாலையும் பார்ப்பேன். முதல் ஆறு தடவை எல்லோரும் ஒரே தாளத்தில் எழுவார்கள். ஏழிலோ எட்டிலோ, பாதி எழும்பிய இடத்தில் உடம்பு ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம் வந்தும் முட்டி உள்ளே சாயாமல் குதிகால் தரையில் நின்றால் எடை சரி. பன்னிரண்டு வரை தயக்கமே வரவில்லை என்றால் எடை போதாது. முட்டி சாய்ந்தால் எடை அதிகம், இறக்கிவிட வேண்டும். எந்தப் பயிற்சியானாலும் இன்னும் இரண்டு தடவைதான் முடியும் என்ற இடத்தில் நிறுத்தினால் தசை வளரப் போதுமான வேலை கிடைத்துவிடும். மேலே கொண்டுபோன எடையைத் தொப்பென்று விடாமல், இரண்டு மூன்று நொடி தாங்கி இறக்க வேண்டும். பாதிப் பலன் அதில் இருக்கிறது.

வாரம் மூன்று நாள் போதும். பஸ்கி, டெட்லிஃப்ட், தண்டால், முதுகுக்கு இழுக்கும் பயிற்சி ஒன்று, தோளுக்கு மேலே தூக்குவது ஒன்று. ஷிப்ட் மாறும் வாரத்தில் இரண்டு நாள் வந்தாலும் குடிமுழுகிவிடாது. தூக்கத்தை விட்டுவிட்டு வருவதுதான் நஷ்டம். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்களை நான் தடுப்பதில்லை. இதயத்துக்கு அது நல்லது. நடை மட்டும் இருந்தால் தோளும் முதுகும் அப்படியேதான் இருக்கும்.

பெண்கள் கேட்பது வேறு: "வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவேனா மாஸ்டர்?" ஆணுக்குச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுக்குச் சுரப்பதைவிடப் பல மடங்கு. அப்படியிருந்தும் பையன்கள் அரை இன்ச் புஜத்துக்கு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். வலு கூடினாலே உருவம் பெருக்கும் என்பதும் இல்லை. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கியது ஒரே 77 கிலோ பிரிவில். எடைப் பிரிவுக்குள் நின்றுகொண்டே வலுவைக் கூட்டுவது பளுதூக்குகிறவர்களுக்கு அன்றாட வேலை.

அடுத்தது சாப்பாடு. கேன்டீன் தட்டில் சோறு குவிந்திருக்கும், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2020இல் சொன்ன தினசரிப் புரத அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எடை தூக்குகிறவருக்கு 1.2 முதல் 1.6 வரை தேவைப்படும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, ஐம்பது கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் செய்த சுண்டலில் 10, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. முட்டை தொடாதவருக்கு ஐம்பது கிராம் மீல் மேக்கரில் ஏறக்குறைய 25 கிடைக்கும். மிச்சத்தைப் பருப்பும் தயிரும் இட்லியும் பார்த்துக்கொள்ளும். பவுடர் டப்பா கட்டாயமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. சோற்றையும் அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் சுண்டலை வைத்தால் போதும்.

கணக்குப் பார்க்க எடை மெஷினைவிட எனக்கு உதவுவது தையல்காரர் இன்ச் டேப். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக விட்டபின், தொப்புளுக்கு நேராக, தோலை அழுத்தாமல். கூடவே ஒரு நோட்டில் அன்றைக்குத் தூக்கிய எடை. முதல் சில வாரம் நோட்டில் எண் ஏறும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அப்போது நரம்புகள்தான் தசையை நன்றாக வேலை வாங்கப் பழகிக்கொண்டிருக்கின்றன. உருவம் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். நிறையப் பேர் விட்டுவிட்டுப் போவது அதற்குள்தான்.

இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டியிருந்தால் இந்தக் கணக்கு மாறும். அவர்கள் எடையையும் குறைக்கத்தான் வேண்டும். அவர்களுக்கும் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பேன், டம்பெல்லைக் கீழே வைக்கவும் விடமாட்டேன். மற்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இடுப்பு இறங்கி, நோட்டில் எண் ஏறிக்கொண்டிருக்கும் வரை மெஷின் அதே எடையைக் காட்டட்டும், கவலைப்படாதீர்கள்.