காகமும் கண்ணியும்

மனிதன் தானே கூவியழைத்து உணவிட்டு, மறுநாள் தானே கல்லெடுத்துத் துரத்தும் பறவை ஒன்று உண்டெனில் அது காகமேயாம். புரட்டாதிச் சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் விளக்கெரித்து விரதங் காக்கும் நம்மவர், காகத்துக்குச் சோறு வைத்த பின்னரே தாம் உண்பர். இறந்த முன்னோர் காக வடிவில் வருவர் என்னும் நம்பிக்கையும் நம்மிடையே உண்டு. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே காகம் கோழிக்குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு பூவரசங் கொப்பில் ஏறியதும், முதல்நாள் "கா, கா" என்று அழைத்த வாயே அதனைத் திட்டித் தீர்க்கின்றது. சோறு வைத்த கை கல்லைத் தேடுகின்றது. கல்லுக்கு அது தப்பிவிடவே, பொறி வைக்கும் எண்ணம் பிறக்கின்றது.

வளவுக்குள் நமக்குத் தொல்லை விளைப்பது காகம் ஒன்று மாத்திரமன்று. கிளிகள் கூட்டமாய் வந்து கொய்யாவையும் மாதுளையையும் கொந்திப் பாதியைத் தின்று பாதியை நிலத்திற் போடும். முந்திரிகைப் பந்தல் வைத்திருப்போர் குலை பழுக்குங் காலத்தில் பறவைகளுக்கு அஞ்சி வலை கட்டுவர். அவித்துப் பாயிற் பரப்பிய நெல்லில் புறாவும் குருவியும் பங்கு கேட்கும். இவையெல்லாம் பருவத்துக்கு வந்து போகும் விருந்தினர். காகமோ ஆண்டு முழுவதும் குடியிருக்கும் அயலவன். குஞ்சு, முட்டை, வெயிலிற் காயும் கருவாடு, குசினிக் கதவு சற்றே திறந்திருந்தால் சட்டியிலுள்ள மீன் என அதற்கு வேண்டாத பொருள் வீட்டில் இல்லை. ஆகவே பொறியைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினும் காகத்திடமே வந்து சேரும்.

வீட்டிலே செய்துகொள்ளும் பொறிகளுள் எளியது கடகப் பொறி. பனையோலைக் கடகம் ஒன்றைக் கவிழ்த்து, ஒரு பக்கத்தை ஒரு சாண் நீளமுள்ள குச்சியால் உயர்த்தி நிறுத்துவர். குச்சியின் அடியிற் கட்டிய கயிற்றின் மறுநுனி, திண்ணையில் மறைந்திருப்பவர் கையில் இருக்கும். கடகத்தின் கீழே தூவிய அரிசியை நாடிப் பறவை உள்ளே சென்றதும் கயிற்றைச் சுண்டினால் குச்சி சரியும், கடகம் மூடிக்கொள்ளும். உள்ளிருக்கும் பறவை முட்டித் தள்ளாதிருக்கும்பொருட்டு மேலே ஓட்டுத் துண்டு ஒன்றைக் கட்டிவைப்பதும் உண்டு. பிடிபட்டதை எடுக்கும்போது கடகத்தை உயர்த்துதல் கூடாது. சாக்கொன்றை அடியிலே மெல்லச் செருகிக் கடகத்தோடு சேர்த்தே தூக்க வேண்டும். இப்பொறியின் சிறப்பு, ஆள் அருகில் இருந்தாலன்றி அது வேலை செய்யாது என்பதே. பூச்சி புழுக்களைத் தின்று தோட்டத்துக்கு உதவும் புலுனி வந்தால், கயிற்றை இழுக்காமல் விட்டுவிடலாம். குறை யாதெனில், புறாவும் குருவியும் அகப்படும் இப்பொறியில் காகம் அகப்படுவது அரிது. அது கடகத்தைச் சுற்றி இரண்டு முறை நடக்கும், தலையைச் சரித்துக் குச்சியைப் பார்க்கும், கயிற்றைப் பார்க்கும், பின்பு ஓரத்தில் நின்றவாறே கழுத்தை நீட்டி, அலகுக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு பறந்துவிடும்.

அடுத்தது கண்ணி. பலகையொன்றில் தங்கூசி நூலாற் சுருக்குகள் பலவற்றை நெருக்கமாய்ப் பிணைத்து, நடுவில் இரையை வைத்து, பலகை அசையாதபடி முளையடித்து நிலத்தில் இறுக்குவர். இரைக்கு வந்த பறவையின் கால் சுருக்கினுட் சென்றதும் அது எழுந்து பறக்க முயலும். அம்முயற்சியே சுருக்கை இறுக்கிவிடும். கடகப் பொறிக்கு ஆளின் கண் துணை செய்கின்றது. கண்ணிக்கோ கண் இல்லை. காகத்துக்கு வைத்ததில் நத்தை தேடி வந்த செண்பகம் அகப்படும். சிலவேளை வீட்டுக் கோழியே அகப்பட்டுக் கத்தும். கவனிப்பாரின்றி நெடுநேரம் கிடந்தால் நூல் காலை அறுத்துவிடும்.

மூன்றாவது பிசின். பலாப்பாலையோ ஆலம்பாலையோ தடிப்பாக்கிக் குச்சிகளிற் பூசி, பறவைகள் வந்து அமரும் கொப்புகளிற் கட்டுவது பழைய வழக்கம். இதில் ஒட்டிய பறவையை இரங்கி விடுவித்தாலும் அதன் இறகுகள் பாழாய்விடும். பறக்க முடியாத பறவை அன்றிரவே பூனைக்கு இரையாகும். இக்காலத்தில் எலிக்கென்று கடைகளில் விற்கும் ஒட்டு அட்டைகளை வெளிமுற்றத்தில் வைப்போர், அதே கொடுமையைப் புதிய உருவிற் செய்கின்றனர். சிறு குருவிகளும் பல்லிகளும் ஓணான்களும் அதில் ஒட்டி அணுவணுவாய் உயிர் விடுகின்றன. பிடிபட்டதைத் திரும்ப விடமுடியாத பொறியைப் பொறியென்று சொல்லவே நமக்கு மனம் வரவில்லை.

நாம் சிறுவராயிருந்த காலத்தில், அப்பு என்று நாம் அழைத்த எமது பேரனார் முதலிரண்டு பொறிகளையும் செய்வதில் வல்லவர். மூன்றாவதை வளவுக்குள் கொண்டுவரவே விடார். ஓராண்டு ஆச்சி வைத்த அடையில் 11 குஞ்சுகள் பொரித்தன. முட்டை விற்ற காசும் கோழி விற்ற காசும் ஆச்சியின் தனி வருமானம். எமது கொப்பியும் பென்சிலும் அக்காசிலிருந்தே வந்தன. 10 நாட்களுக்குள் 11 குஞ்சுகள் 4 ஆயின. மற்றவற்றைக் கொண்டுபோனவை வேலிப் பூவரசில் வந்து தங்கும் காகச் சோடியே என்பதை ஆச்சி கண்ணாற் கண்டார். ஒவ்வொரு குஞ்சு போகும்போதும் அவர் கையை உதறிக்கொண்டு ஓடிய ஓட்டம் இன்றும் எம் கண்முன் நிற்கின்றது.

அப்பு கண்ணிப் பலகை ஒன்றைச் செய்து, மீன் குடலை இரையாக வைத்து, முருங்கையின் கீழ் முளையடித்தார். நாம் விளையாட எழுந்தபோது எம்மைத் தடுத்து, "மோனை, கண்ணியை வைச்சவன் கண்ணிக்குப் பக்கத்திலைதான் இருக்கவேணும். அங்கால போகப்படாது" என்றார். இரண்டு காலை வீணே கழிந்தது. மூன்றாம் நாட் காலையில் ஒரு காகத்தின் கால் சிக்கியது.

அதன் பின் எழுந்த ஆரவாரத்தை என்னென்பது! எங்கிருந்துதான் வந்தனவோ, கூரை முகட்டிலும் பனை வட்டிலும் துலாவிலும் காகங்கள் நிறைந்து கரையத் தொடங்கின. ஒழுங்கையாற் போனவர்கள் படலையில் நின்று பார்த்தனர். அப்பு தமது சால்வையை எறிந்து காகத்தின் தலையை மூடி, நூலைக் கத்தியால் அறுத்து, காலில் காயமில்லை என்று பார்த்தபின் அதைப் பறக்கவிட்டார். "இனி உந்தப் பக்கம் வராது" என்று ஒரு சொல் சொன்னார். அவர் சொன்னது பலித்தது. ஒரு காகமேனும் எமது வளவுக்குள் இறங்கவில்லை. 4 குஞ்சுகளும் முற்றத்திலே தாராளமாய் மேய்ந்தன.

அவ்வாரம் புரட்டாதி முதற் சனிக்கிழமை வந்தது. கோயிலால் வந்த ஆச்சி, சமைத்து இறக்கி, வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் இட்டுக் கிணற்றடிக் கல்லில் வைத்து, "கா, கா" என்று அழைத்தார். காகம் வரவில்லை. உச்சி வெயில் சாய்ந்தது, சோறு காய்ந்தது, வேறு சோறு வைத்தார். பனையிலே இரண்டு காகங்கள் இருந்தன, கழுத்தைத் திருப்பிப் பார்த்தன, இறங்கவில்லை. பசியோடிருந்த ஆச்சி அப்புவைப் பார்த்து, "குஞ்சு பிடிக்க வந்ததைக் கலைச்சது சரி. என்ரை விரதத்துக்கு வாறதையும் எல்லோ கலைச்சுப்போட்டியள்!" என்றார். "ரண்டும் ஒண்டுதானே" என்று அப்பு மெல்லச் சொன்னார். கடைசியில் ஆச்சி இலையை ஏந்திக்கொண்டு படலையைக் கடந்து, ஒழுங்கை முடக்குவரை நடந்து, அயல் வீட்டு மதிலிலே வைத்தார். அங்கே ஒரு காகம் வந்து உண்டது. ஆச்சி வந்து கை கழுவும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

அன்று மாலையே அப்பு முளையைப் பிடுங்கிப் பலகையைக் கொட்டிலில் ஏற்றினார். மறுநாட் கதியால்களை நட்டு, பழைய மீன்வலையை மேலும் பக்கமும் இழுத்துக் கட்டி, தாய்க்கோழிக்கும் குஞ்சுகளுக்கும் ஓர் அடைப்புச் செய்தார். குஞ்சுகள் பருந்துக்கும் காகத்துக்கும் எட்டாத பருமன் அடையும்வரை அதனுள்ளேயே வளர்ந்தன. நான்கும் தப்பின. சில வாரங்களிற் காகங்களும் கிணற்றடிக்குத் திரும்பி வந்தன.

அக்காகங்கள் அவ்வாறு ஒதுங்கியது தற்செயலன்று. அமெரிக்காவின் சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் முகமூடி அணிந்துகொண்டு சில காகங்களைப் பிடித்து, காலில் வளையமிட்டு விட்டார்கள். எமது காகத்துக்கு உறவான வேறோர் இனம் அது. பின்பு அம்முகமூடியை யார் அணிந்து நடந்தாலும் காகங்கள் கூடிநின்று கரைந்து ஏசின. பிடிபடாத காகங்களும் அதிற் சேர்ந்துகொண்டன. ஆண்டுகள் பல சென்றும் அப்பகை மாறவில்லை. காகத்துக்குப் பொறி வைப்பவர் ஒரு பறவையோடு மாத்திரம் வழக்காடவில்லை; ஓர் ஊரோடு வழக்காடுகிறார்.

இனி, பொறி வைத்தே காகத்தை ஒழிக்கலாமா என்ற கேள்விக்குக் கடல் கடந்து போன நம் காகங்களே விடை சொல்கின்றன. 1900ஆம் ஆண்டை அண்டிய காலத்தில், யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்கு உத்தியோகம் தேடிக் கப்பலேறிய அந்நாட்களில், இலங்கைக் காகங்களும் கப்பலேற்றப்பட்டன. கிள்ளான் பகுதியிற் கோப்பிச் செடிகளைத் தின்ற மயிர்க்கொட்டிகளை ஒழிப்பதே அவற்றுக்கு அளித்த உத்தியோகம். கோப்பித் தோட்டங்கள் மறைந்தன, காகங்கள் பெருகின. பிற்காலத்தில் அங்கே துப்பாக்கிக்காரரைக் கொண்டு அவற்றைச் சுடவேண்டியதாயிற்று. 1890களில் நகரத்துக் குப்பையைத் தின்பதற்கென்று சான்சிபார்த் தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட காகங்களின் கதையும் இதுவே.

சான்சிபாரிலும் தார் எஸ் சலாமிலும் காகம் பிடிக்க ஏணிக்கூடு என்று சொல்லத்தக்க ஒரு பொறியைப் பயன்படுத்தினர். ஆள் நுழையக்கூடிய பெருங் கம்பிவலைக் கூடு அது. அதன் கூரை நடுவிலே பள்ளமாய்த் தாழ்ந்திருக்கும். பள்ளத்தின் அடியில் ஏணிபோற் சட்டங்களும் இடைவெளிகளும் இருக்கும். உள்ளே ஒரு காகத்தை நீரும் உணவும் நிழலும் கொடுத்து வைத்திருப்பர். அதைக் கண்ட ஏனைய காகங்கள் சிறகை ஒடுக்கி இடைவெளியால் உள்ளே குதிக்கும். வெளியேற எழும்போது விரித்த சிறகு சட்டங்களில் முட்டும்; மீளமுடியாது. பொறியென்ற வகையில் மிக நேர்த்தியானது. இவ்வாறு பிடித்தும் நஞ்சிட்டும் பெருந்தொகையான காகங்களைக் கொன்றனர். முயற்சி தளர்ந்ததும் தொகை மீண்டும் ஏறிற்று.

காரணம் மிக எளியது. கழுத்துச் சாம்பல் நிறமான நம் வீட்டுக் காகம் மனிதன் குடியிருக்கும் இடத்திலேயே வாழ்வது. மனிதன் இல்லாக் காட்டிலே அதற்கு வாழ்வில்லை. ஓர் ஊரிற் காகம் எத்தனை என்பதை அவ்வூரார் எறியும் மிச்சமே தீர்மானிக்கின்றது. மீன் கழுவிய கழிவைக் கோடிப்புறத்தில் வீசிவிட்டு முற்றத்திற் கண்ணி வைப்பவர், ஒரு கையால் அழைத்து மறு கையால் அடிக்கிறார். ஒன்றைப் பிடித்தால் அதன் இடத்துக்கு இன்னொன்று வரும். இலை விரித்தபடியே கிடக்கின்றதன்றோ?

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. குசினிக் கழிவைக் கிடங்கிலிட்டு மண்ணால் மூடுங்கள். குஞ்சுகளுக்கு வலையடைப்புச் செய்யுங்கள். மிளகாய், கருவாடு முதலியன காயும்போது மேலே வலை இழுத்துக் கட்டுங்கள். பழக்குலைகளுக்குப் பையோ வலையோ போடுங்கள். வலை தொய்ந்திருந்தால் பறவையும் பாம்பும் சிக்குமாதலால் இறுக்கிக் கட்டி நாள்தோறும் பாருங்கள். இவ்வளவும் செய்த பின்னரும் பொறி வேண்டுமெனின், முதலிற் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்நாட்டுப் பறவைகளுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காவலாய் நிற்கின்றது. வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்டறியாமல் எதையும் பிடித்தல் கூடாது. பொறி வைத்தால் அதனருகில் இருங்கள். இருக்க நேரமில்லாதவர் பொறி வைக்கவும் வேண்டாம்.

காகத்துக்குச் சோறு வைப்பதை நிறுத்துமாறு நாம் சொல்லோம். ஒரு பிடி சோற்றால் ஊரிற் காகம் பெருகிவிடாது. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு ஓரிடத்தில் இலை போட்டு உபசரிக்கிறோம். அவர் அடுக்களைப் பானைகளைத் திறந்து பார்க்கும்படி விடுவதில்லை. காகத்துக்கும் ஒரு கல், ஒரு நேரம், ஒரு பிடி என்று முறை வைத்து, மற்றெல்லாவற்றையும் மூடி வைப்போமாயின், சனிக்கிழமை அதை அழைக்கும்போது நமக்கு நாணம் இராது. அதற்கும் அச்சம் இராது.