வழிப்போக்கருக்கு எழுப்பிய வாசல்

இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் வட்டாரத்தில், கிளாஸ்டன்பரி என்றொரு சிறுநகர் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோடைக் காலத்தில் அங்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் புகழ்மிக்க மடத்தைக் காணவே சென்றோம். ஆனால் நம் நெஞ்சில் நிலைத்துவிட்டது மடமன்று. கடைவீதியில் நிற்கும் ஒரு பழைய சத்திரம். 'ஜார்ஜ் அண்டு பில்கிரிம்ஸ்' என்பது அதன் பெயர்.

முதற்பார்வையில் அதைக் கோவில் என்றே எண்ணினோம். மூன்றடுக்கு உயரத்துக்குக் கல் முகப்பு. தரையிலிருந்து உச்சிவரை அதைக் கட்டங்கட்டமாகப் பகுத்துச் செதுக்கியிருக்கிறார்கள். மெல்லிய கல் தூண்களால் பிரிக்கப்பட்ட சாளரங்கள் அக்கட்டங்களோடு இசைந்து நிற்கின்றன. ஒருபுறம் வீதியை நோக்கிப் புடைத்துவரும் சாளர மாடம். உச்சியில் கோட்டை மதில்போல் பல்வரிசைச் சுவர். கீழே வளைவு வாசல். அதன் மேல் மடத்தின் சின்னமும் நான்காம் எட்வர்டு மன்னரின் சின்னமும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்நாளில் இங்கிலாந்தின் பெருங்கோவில்களை அழகுசெய்த அதே சிற்பமுறை, ஓரிரவு தங்க வந்த வழிப்போக்கனுக்காகவும் கையாளப்பட்டிருக்கிறது.

இதனை 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பியவர் மடத்தலைவர் ஜான் செல்வுட். திருப்பயணியர் தங்குவதற்கென்றே கட்டினார். வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு விட்டுச்சென்ற ஒழுங்கு. அவ்வொழுங்கு அங்கே கல்லாகி நிற்கக் கண்டோம்.

அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் மடம். எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில், 1539-இல், அது ஒடுக்கப்பட்டது. கடைசி மடத்தலைவர் ரிச்சர்டு ஒயிட்டிங், முதுமையையும் பொருட்படுத்தாமல், அவ்வாண்டு நவம்பர் 15-இல் ஊருக்கு வெளியேயுள்ள குன்றின்மேல் தூக்கிலிடப்பட்டார். 1895-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவர் எனப் போற்றியது. கோவிலின் கற்கள் பெயர்க்கப்பட்டு வேறு கட்டடங்களுக்குப் போயின. இன்று நிற்பவை உடைந்த சுவர்களும் தூண்களுமே. மடத்தலைவரின் சமையற்கூடம் மட்டும் நான்கு மூலைகளிலும் அடுப்புகளோடும் எண்கோணக் கூரையோடும் குலையாமல் இருக்கிறது. பீடம் இருந்த இடத்தில் புல். சோறாக்கிய இடமும் விருந்தினர் உறங்கிய இடமும் நிற்கின்றன!

இதற்கு உலகியல் காரணம் உண்டு என்பதை அறிவோம். சத்திரத்தால் வருவாய் வரும். ஆகவே அதை இடிக்க எவருக்கும் மனம் வராது. எனினும் அந்த வாசலின் எதிரே நெடுநேரம் நின்றோம். நம்மை நகரவிடாமல் தடுத்தது ஒரு நினைவு.

ஒரு திருவிழாவின் முந்தைய இரவு. மழை. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் பங்கு இல்லக் கதவைத் தட்டியது. நடந்தே வந்த திருப்பயணியர். புதிதாகக் கட்டிய பங்குக் கூடம் பூட்டிக் கிடந்தது. சுண்ணாம்பு அடித்து அலங்கரித்தாயிற்று. தரை அழுக்காகிவிடும் என்று, பேருந்து நிலையத்துக்கு வழிகாட்டி அனுப்பினோம். மறுநாள் மறையுரையில் பெத்லகேமில் அன்னைக்கு இடம் தராத சத்திரக்காரனைக் கடிந்து பேசினோம். கூட்டத்தில் அந்தக் குழந்தையின் தாய் அமர்ந்திருந்தாள். தலைநிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்வுட் வந்தவனுக்காகக் கோவிலுக்குரிய அழகைச் செலவிட்டார். நாமோ கூடத்தின் அழகுக்காக வந்தவனைத் திருப்பியனுப்பினோம்.

ஊர் திரும்பியதும் கூடத்துச் சாவியை நம் மேசையிலிருந்து எடுத்து உபதேசியாரிடம் கொடுத்தோம். இரவில் யார் வந்து கேட்டாலும் திறந்துவிடும்படியும், நம்மை எழுப்பி அனுமதி கேட்க வேண்டாம் என்றும் சொன்னோம். இப்போது தரையில் பாய்த் தடங்களும், சுவரில் எண்ணெய்க் கறையும் உண்டு. அந்தக் குடும்பம் மட்டும் இன்னும் வரவில்லை.