அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி

கரம்பு நிலத்தில் எவரும் நேரே விதைப்பதில்லை. உழுது, வரப்பிட்டு, பாத்தி கட்டிய பின்னரே விதை இறங்கும். முன்னாளில் கணிப்பொறிக்கென நாம் வாங்கிய நெகிழ்தட்டுகளுள் பலவும் அத்தகைய கரம்பு நிலங்களாகவே இருந்தன. 'பிளாப்பி' என்று எல்லாரும் அழைத்த அந்தத் தட்டுகளில் பாத்தி கட்டிய கட்டளைக்குப் 'பார்மட்' என்று பெயர்.

1981-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறியோடு வந்த டாஸ் முறையிலேயே இக்கட்டளை இடம்பெற்றிருந்தது. கறுப்புத் திரையில் கட்டளையின் பெயரைத் தட்டி, எந்தத் தட்டு என்பதற்குரிய எழுத்தையும் இட வேண்டும். அதன்பின் ஒரு சாய்கோடும் ஓர் எழுத்தும் சேர்த்தால், கட்டளையின் தன்மையே மாறிவிடும்.

'வி' சேர்த்தால் தட்டுக்குப் பதினோர் எழுத்துக்குள் ஒரு பெயர் சூட்டலாம். 'எஸ்' சேர்த்தால் கணிப்பொறியை எழுப்பும் கோப்புகளும் அதில் பதியும். 'எஃப்' சேர்த்துக் கொள்ளளவைக் குறிக்கலாம். மூன்றரை அங்குலத் தட்டுக்கு 1.44 என்று குறித்தால் இருபுறமும் 80 வட்டத் தடங்கள், தடத்துக்கு 18 பகுதிகள், பகுதிக்கு 512 பைட்டுகள் என ஆக 14,74,560 பைட்டுகளுக்கு இடம் அமையும். பழுதுபட்ட பகுதி தென்பட்டால், தட்டையே தள்ளிவிடாமல் அவ்விடத்தை மட்டும் குறித்து ஒதுக்கிவிட்டு எஞ்சியதைப் பயனுக்குக் கொண்டுவரும்.

நம் சிந்தனைக்கு உரியவை 1991-இல் எம்.எஸ். டாஸ் ஐந்தாம் பதிப்போடு வந்த 'க்யூ', 'யு' என்னும் இரு எழுத்துகளே. 'க்யூ' என்பது விரைவு முறை. அது பழுதைத் தேடுவதில்லை. கோப்புகளின் பெயர்ப் பட்டியலையும் இருப்பிடக் குறிப்பையும் மட்டும் துடைக்கும். நூலின் பொருளடக்கத்தைக் கிழித்தெறிந்து, உள்ளிருக்கும் ஏடுகளை அப்படியே விட்டுவிடுவதற்கு இது ஒப்பாகும். 'யு' என்பதோ நிபந்தனையற்ற முறை. நெகிழ்தட்டின் ஒவ்வொரு பகுதியின் மீதும் புதிதாக எழுதிவிடுவதால், பழையது மீளாது.

இவ்விரண்டையும் சேர்க்காமல் கட்டளையிட்டால் என்ன நிகழும்? முன்பே பயன்படுத்திய தட்டாயின், பழைய பட்டியலின் படி ஒன்றை ஓரிடத்தில் பத்திரப்படுத்திய பின்னரே கணிப்பொறி துடைக்கும். மனம் மாறினால் 'அன்பார்மட்' என்னும் மற்றொரு கட்டளையால் மீட்க வாய்ப்புண்டு. அதாவது, ஒன்றும் சொல்லாதவனுக்கு மீளும் வழியையே அது தந்தது. மீளா அழிவை வேண்டியவன் அதை வாய்திறந்து கேட்க வேண்டியிருந்தது. நிலைவட்டாயின், உள்ளவை யாவும் போய்விடும், தொடரலாமா என்று எச்சரித்துவிட்டு விடைக்காகக் காத்தும் நின்றது. சினத்தில் ஒரு சொல்லால் உறவை முறிக்கும் நமக்கு இந்தக் காத்திருப்பு ஒரு பாடம் அன்றோ!

ஆயினும் இதற்கு மறுபுறமும் உண்டு. நாம் பொறுப்பு வகித்த ஓர் அலுவலகத்தின் பழைய கணிப்பொறியைச் சில ஆண்டுகளுக்கு முன் விற்க நேர்ந்தது. "எல்லாம் அழித்தாயிற்று, ஐயா" என்றார் அதைக் கையாண்ட இளைஞர். விரைவு முறையில் அழித்திருந்தார். ஐயம் தீர, மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். சற்று நேரத்தில் திரையில் ஒரு கடிதம் எழுந்து நின்றது. மகன் பட்ட கடனைச் சொல்லி, உதவி வேண்டி ஒரு தாய் எழுதியது. இரண்டாம் வரிக்கு மேல் படிக்க மனம் வரவில்லை. இளைஞரும் தலைகுனிந்து திரையை மூடினார்.

நம்மை நம்பி ஒருவர் சொன்னது அடைக்கலப் பொருள். அதன் பெயரை மட்டும் துடைத்துவிட்டு உள்ளடக்கத்தை அயலார் கையில் கொடுப்பது காவல் ஆகாது. டாஸ் காலத்தில் நிலைவட்டைப் 'பார்மட்' செய்தபோது, கட்டளை பகுதிகளைப் படித்துச் சோதித்ததே அன்றி அவற்றின் மீது எழுதவில்லை. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்த பின்னரே, முழு முறையில் செய்யும்போது வட்டு முழுவதும் சுழிகளால் நிரப்பப்பட்டது. விரைவு முறை இன்றும் பட்டியலை மட்டுமே துடைக்கிறது.

நம் இல்லப் பரண்களில் பழைய கணிப்பொறிகள் உறங்கிக்கொண்டிருக்கலாம். அவற்றை விற்குமுன் இரண்டு கேள்விகளை எழுப்புவோம். இதில் காக்க வேண்டியது எது? அதைப் படியெடுத்து வைப்போம். இதில் பிறர் நம்மிடம் ஒப்படைத்தது எது? அதை முழுமையாகவே அழிப்போம். அதற்குச் சில மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.