நான் யோசேப்பு அல்ல



2019ஆம் ஆண்டு கோடையில், லண்டனில் வசிக்கும் என் மகள் என்னை ஓர் இசை நகைச்சுவை நாடகத்திற்கு அழைத்தாள். போதகனாகிய நான் நாடக அரங்கின் வாசற்படியை மிதிக்கலாமா என்று தயங்கினேன். "அப்பா, இது நம்முடைய யோசேப்பின் கதைதான்" என்றாள். ‘ஜோசப் அண்ட் தி அமேசிங் டெக்னிக்கலர் ட்ரீம்கோட்’ என்பது அதன் பெயர். இசை ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். பாடல்கள் டிம் ரைஸ். 1968இல், ஒருவருக்கு 19 வயதும் மற்றவருக்கு 23 வயதுமாய் இருந்தபோது, லண்டன் பள்ளி ஒன்றின் மாணவர்கள் பாடுவதற்காக அதை இயற்றினார்கள். அதே ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹால் என்னும் மெதடிஸ்ட் ஆலயத்திலும் அது பாடப்பட்டது. ஆலயம் என்று கேட்டதும் என் தயக்கம் தீர்ந்தது.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட பல்லேடியம் அரங்கு நிரம்பியிருந்தது. சகோதரர்கள் யோசேப்பை விற்றுவிட்டு, இரத்தக்கறை படிந்த பலவருண அங்கியைத் தகப்பனிடம் கொண்டுவந்தார்கள். அமெரிக்க மாடுமேய்ப்பர்களின் மெட்டில் ஒப்பாரி வைத்தார்கள், கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். யாக்கோபின் தலை மறைந்ததும் துள்ளிக் குதித்து ஆடினார்கள். அரங்கமே குலுங்கியது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பின் நடுவிலே என் தாயாரின் முகம் நினைவுக்கு வந்தது.

என் தகப்பனார் மறைந்தபின், வீட்டுப் பங்கின் காரணமாக எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு அற்றுப்போயிருந்தது. வீடு என் வசம் இருந்தது. தாயாரும் என்னோடு இருந்தார்கள். மாலைதோறும், "சின்னவன் பேசினானா?" என்று கேட்பார்கள். "இல்லை அம்மா, அவனுக்கு நம் நினைவு ஏது?" என்று பெருமூச்சோடு சொல்லுவேன். உண்மையில் அவன் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்திருந்தான். நான் எடுக்கவில்லை. அந்தப் பெருமூச்சும் நடிப்புத்தான்.

ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் குழியில் கிடந்த யோசேப்பு நானே; விற்றவர்கள் வேறு யாரோ. பிரசங்க பீடத்தில் நிற்கிறவனுக்கு அது எளிது. இருண்ட அரங்கில், விற்றவர்களுக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தபோதுதான், நானும் அவர்களில் ஒருவன் என்று கண்டேன்.

பிறகு பார்வோன், எல்விஸ் பிரெஸ்லியைப்போல் உடுத்தி, தன் சொப்பனத்தைப் பாடினான். 1991இல் அதே அரங்கில் யோசேப்பாக நடித்த ஜேசன் டோனவன் அன்று பார்வோனாக வந்தார். சுற்றிலும் ஆரவாரம். "அப்பா, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?" என்று மகள் மெல்லக் கேட்டாள். தலையசைத்து மறுத்தேன்.

பென்யமீனின் சாக்கில் பாத்திரம் அகப்பட்டபோது, அவன் குற்றமற்றவன் என்று சகோதரர்கள் கலிப்சோ மெட்டில் உற்சாகமாய்ப் பாடினார்கள். வேதத்தில் அந்த இடம் யூதாவினுடையது. யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்னவன் அவனே (37:26,27). இளையவனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி மன்றாடினவனும் அவனே (44:33). தகப்பனுடைய துயரத்தை ஒருமுறை பொய்யால் உண்டாக்கினவன், அதை மறுபடியும் காணத் தன்னால் இயலாது என்கிறான் (44:34). அதைக் கேட்ட பின்புதான் யோசேப்பு அடக்கமாட்டாமல் சத்தமிட்டு அழுகிறான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. லண்டனில் மணி ஒன்று. கோயம்புத்தூரில் விடியற்காலை ஐந்தரை. தம்பி ஜெபத்திற்கு எழும் நேரம் அது. அழைத்தேன். அம்மாவிடம் நான் சொல்லிவந்த பொய்யைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "அண்ணா, அம்மா கால் வலிக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?" என்று கேட்டான்.

ஊர் திரும்பியதும் தாயாரிடமும் அறிக்கையிட்டேன். அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அவன் எப்போது வருகிறான்?" என்றுமட்டும் கேட்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் வந்தான். வீட்டைப் பாதியாகப் பிரித்து எழுதினோம்.

பிரியமானவர்களே, நமக்குத் தீங்கு செய்தவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். இந்த வாரம் யோசேப்பின் சரித்திரத்தை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். ஆனால் சகோதரர்களின் பக்கத்தில் நின்று வாசியுங்கள். நீங்கள் எடுக்காமல் விட்ட அழைப்பு ஒன்று நினைவுக்கு வருமானால், வேதத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அந்த எண்ணை அழையுங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.