ரேசர் ரமோனை விட முடியவில்லை

மல்யுத்த வீரர் ஸ்காட் ஹால் இறந்தது 2022 மார்ச்சில். இன்றும் அவருடைய பழைய மேட்ச் ஏதாவது கண்ணில் பட்டால் முழுசாகப் பார்க்காமல் நகர முடிவதில்லை. ரேசர் ரமோன் என்ற பெயரில் பல்குச்சியைக் கடித்தபடி ரிங்குக்கு வருவாரே, அந்த நடை!

1994இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஷான் மைக்கேல்ஸோடு மோதிய லேடர் மேட்சைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரியது, 1993 மே மாதம் அவர் தோற்றது. உயரத்தில் இருந்தவர், யாருக்கும் தெரியாத ஷான் வால்ட்மன் என்ற ஒல்லிப் பையனிடம் விழுந்து கொடுத்தார். அந்த ஒரே இரவில் பையன் நட்சத்திரமாகிவிட்டான். அந்த மனசு எல்லோருக்கும் வராது.

குடி அவரைத் தின்றது. நிற்கத் தள்ளாடும் நிலையில் ரிங்குக்கு வந்த இரவும் உண்டு. அதற்கெல்லாம் நான் நியாயம் சொல்ல மாட்டேன். வீட்டார் பட்ட வேதனை சின்னதல்ல. ஆனால் 2013இல் சக மல்யுத்த வீரர் டைமண்ட் டல்லஸ் பேஜ் வீட்டில் தங்கி, யோகா செய்து, மறுபடி எழ முயன்றவரும் அவர்தான். அடுத்த வருடம் டபிள்யூடபிள்யூஇ ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் அவர் நிமிர்ந்து நின்றபோது அழுதேன்.

டபிள்யூடபிள்யூஇ-யின் உலகப் பட்டம் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும்.